740 காசு கனம்

(சுரண்டையில் ஒரு வீட்டுத் திண்ணை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். மாமா கமிஷன் கடையில் கணக்கெழுதி ஓய்ந்தவர். மருமகனுக்கு பெங்களூரில் வேலை. லீவுக்குப் பகடையும் பழைய புத்தகங்களுமாக வந்திறங்கியிருக்கிறான்.)

மாமா: ஆடு புலி ஆட்டத்துக்கு 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. கோடு இருந்தா போலாம், இல்லன்னா சும்மா இரிக்கணும். இம்புட்டுதாம்ல சட்டம். ஒனக்கு எதுக்கு இந்தத் தண்டிப் புஸ்தகம்?

மருமகன்: இது டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ், மாமா. 1974ல அமெரிக்காவுல வந்தது. நான் ஒரு வீரன். பாதாளக் குகைக்குள்ள போறேன், புதையல் எடுக்கிறேன். எல்லாம் வாயாலதான்.

மாமா: வாயால போறதுக்குப் புஸ்தகத்துல என்னத்துக்குல அடிக்கணக்கு?

மருமகன்: யாரு எங்க நிக்கிறான்னு தெரிய வேண்டாமா? முதல்ல அங்குலக் கணக்குதான். இதை எழுதின கேரி கைகாக்ஸ், 1971லயே பொம்மைச் சிப்பாய்களை மேஜையில நிறுத்தி ஆடுற போர் விளையாட்டுக்கு இன்னொருத்தரோட சேர்ந்து சட்டம் எழுதினவர். ஸ்கேலை வச்சு அளந்து நகர்த்துவாங்க. பொம்மையை விட்டுட்டு ஆடுனவங்ககூட அங்குலத்தை விடல. குகைக்குள்ள ஒரு அங்குலம் 10 அடி, வெட்டவெளியில 10 கஜம்.

மாமா: வாசப்படி தாண்டுனதும் காலு மூணு பங்கு நீளுமோ?

மருமகன்: அம்பும் அப்படித்தான் போகும். உள்ள கூரை இடிக்கும், மேல தூக்கி விட முடியாது. மந்திரவாதியோட தீக்குண்டு மட்டும் வெளிய வந்தாலும் வீங்காது.

மாமா: அது ஒண்ணுதான் ஒழுக்கமான குண்டு.

மருமகன்: அதுவும் சுமார்தான். 1978 புத்தகத்துல அது 33,000 கன அடியை நிரப்பிட்டுத்தான் அடங்கும். 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள நடையில போட்டா நீளவாக்குல 330 அடி ஓடும். போட்டவனே வெந்துருவான்.

மாமா: கணக்கு தெரியாதவன் மந்திரவாதி ஆவக்கூடாது. சரி, ஒன் ஆளு எம்புட்டு வேகம்?

மருமகன்: 10 நிமிஷத்துக்கு 120 அடி.

மாமா: மணிக்கு 720 அடியா? சீசன்ல ஐந்தருவி வரிசைகூட இதவிட வெரசா நகருமே!

மருமகன்: இருட்டு மாமா. தரையைத் தட்டிப் பாக்கணும், கதவுல காது வைக்கணும், போற வழியைத் தாள்ல வரையணும். சண்டைன்னு வந்துட்டா 10 விநாடிக்கே 40 அடி. இது 1981 புத்தகம்.

மாமா: பூதத்தக் கண்டதும் பேனாவப் போட்டுட்டு ஓடுதான்னு சொல்லு.

மருமகன்: சுமை இருந்தா வேகம் குறையும்னு ஒரு பட்டியலும் இருக்கு. ஆனா அதைப் பாதிப்பேர் பாக்கிறதே இல்ல.

மாமா: என்னத்தப் பாக்கிறதில்ல? (கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார்.) காட்டு.

மருமகன்: எடையெல்லாம் காசுக் கணக்குல. 10 காசு ஒரு பவுண்டு. 400 காசு கனம் வரைக்கும் 120 அடி. 600 வரைக்கும் 90, 800 வரைக்கும் 60, 1600 வரைக்கும் 30. அதுக்கு மேல ஆளு அசைய முடியாது.

மாமா: இதாம்ல ஆட்டம்! இத விட்டுட்டு மத்ததெல்லாம் வாசிச்சிருக்கான். ஒன் ஆளு என்ன தூக்குதான்?

மருமகன்: தகட்டுக் கவசம் 500. கேடயம் 100. வாள் 60. கயிறு, பந்தம், சாப்பாடு வகையறா மொத்தமா 80.

மாமா: 740. அப்ப 60 அடி. நீ 120ன்னு எழுதியிருக்க. எங்க கடையா இருந்தா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருப்போம்.

மருமகன்: ஆட்டம்தானே மாமா...

மாமா: புதையல் எம்புட்டு எடுத்த?

மருமகன்: 900 காசு.

மாமா: 1640. நகர முடியாது, அங்கனயே இரி.

மருமகன்: பின்னால ஓநாய் வருது மாமா! அதுக்கு 180 அடி!

மாமா: அது சுமையா தூக்குது? 40 காசை எறக்கி வையி, 30 அடி தாரேன்.

மருமகன்: தங்கம் மாமா!

மாமா: தங்கம்னாலும் கனம் கனம்தாம்ல.