ஒரு மாவட்டம், நாலு மண்

கேள்வி: கோவில்பட்டியில் கரிசல், குதிரைமொழியில் செக்கச்செவேல் தேரி, ஏரலில் வண்டல், கடலோரம் உப்பளம். ஒரே தூத்துக்குடி மாவட்டம், ஒரே வெயில். மண் மட்டும் ஏன் இப்படிக் கட்சி மாறுகிறது?

பதில்: மண் காரணமில்லாமல் கட்சி மாறாது, அரசியல்வாதிக்குத்தான் அந்தச் சலுகை. எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து கரிசல் வந்தது என்று பள்ளிப் பாடம் சொல்லும். மராட்டியத்துக்கு அது சரி. கோவில்பட்டிக்கு அடியில் இருப்பதோ பெரும்பாலும் நைஸ் பாறை. தண்ணீர் வடிந்தோடும் மேட்டில் அந்தப் பாறையே செம்மண்ணாகிறது. மழை குறைந்த தாழ்வான சமவெளியில் சுண்ணாம்புச் சத்து கழுவிப் போகாமல் தங்கி, நனைந்தால் உப்பி, காய்ந்தால் பிளக்கும் கரிசலாகிறது. ஆகவே பாறையைவிட, தண்ணீர் போன வழிக்கே என் ஓட்டு. 'கறுப்புக்கு மக்கிய இலைதழை காரணமில்லையா?' என்பீர்கள். ஆனால் கரிசலில் அந்தச் சத்து குறைவு. நிறத்தை வைத்து எடை போடுவது மண்ணிலும் தப்பு.

'தேரியில் தண்ணீர் என்ன கிழித்தது?' என்றும் மடக்கலாம். நியாயம்தான், அங்கே குவித்த வேலை காற்றுடையது. மேற்கிலிருந்து மலைக் கணவாய் வழியே சீறிவரும் தென்மேற்குப் பருவக்காற்று மணலை வாரிக் கொட்டியது. மணல்மணிமேல் படிந்த இரும்பு ஆக்சைடு சிவப்புப் பூசியது. ஏரல் வண்டல் தாமிரபரணியின் உபயம். உப்பளத்து மண்ணில் நெல் வராது என்று யாரும் அழுவதில்லை. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தைத் தமிழ்நாட்டுக்குத் தருவதே முக்கியமாக அந்தக் கரைதான். கடலுக்குள்ளும் தரை பார்த்தே குடித்தனம்: முத்துச்சிப்பி 'பார்' என்ற பாறைத் திட்டில் ஒட்டி வளரும், மணல் மூடினால் மடியும்.