மாமாவைக் கேளுங்கள்: தொட்டில் முதல் 1098 வரை

அநாதைக் குழந்தைகளுக்குத் தனி இல்லம் கட்டியதில் முன்னோடி யார்?
*(பட்டுச்சேலைப் பிரியை, காஞ்சிபுரம்)*

ஃபிளாரன்ஸ்காரர்களைச் சொல்லலாம். 1445-இல் திறந்தார்கள். வரைபடம் புருனெல்லெஸ்கி, செலவு பட்டு வணிகர் சங்கம். நம்மூர்ப் பட்டுக்கடைகள் கட்டைப்பையோடு நிறுத்திக்கொள்கின்றன.

மனிதக் குழந்தைக்கு முன்பே மிருகங்களுக்குப் பாதுகாப்புச் சங்கம் வந்துவிட்டதாமே, நிஜமா மாமா?
*(கல்லூரி மாணவர், திருச்சி)*

நிஜம்தான். லண்டனில் மிருகங்களுக்கு 1824, குழந்தைகளுக்கு 1884. நாய்க்குட்டி அறுபது வருஷம் சீனியர்!

நியூயார்க் கதை இன்னும் சுவை. 1874-இல் மேரி எல்லன் என்ற சிறுமி வளர்ப்புத் தாயிடம் தினம் அடிவாங்கினாள், கத்தரிக்கோலாலும் காயம்பட்டாள். காப்பாற்றச் சங்கம் எதுவும் இல்லாததால், மிருகவதைத் தடுப்புச் சங்கத் தலைவர் ஹென்றி பெர்க்கிடம் ஓடினார்கள். ‘குழந்தையும் ஒரு மிருகமே’ என்று அவர் வாதாடியதாகச் சொல்வது உடான்ஸ். சிறுமியை மீட்டது ஆட்கொணர்வுச் சட்டம். வண்டிக்காரனின் சாட்டையைத் தடுத்தவர், அந்தம்மாவின் கத்தரிக்கோலையும் தடுத்தார்.

குழந்தைகளுக்கான சட்டத்திலாவது நமக்கு முதலிடம் உண்டா?
*(வக்கீல் குமாஸ்தா, மதுரை)*

உண்டு. 1920-இன் சென்னைக் குழந்தைகள் சட்டம்தான் இந்தியாவில் முதல். வங்காளம் 1922, பம்பாய் 1924. பொடியனைப் பெரியவர்களோடு ஜெயிலில் போட்டால் திருட்டில் பட்டமேற்படிப்பு முடித்து வருகிறான் என்று துரைமார்களுக்கு ஒருவழியாக உறைத்தது.

அதே 1920-இல்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சோறும் போட்டார்கள். சட்டமா சோறா, எது அதிகப் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று கேட்காதீர்கள். உங்கள் வக்கீல் கோபிப்பார்.

1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு பிள்ளைக்காகவா, ஓட்டுக்காகவா?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)*

இரண்டுக்கும். பசித்த பிள்ளை சோற்றில் கல் பார்க்கும், உள்நோக்கம் பார்க்காது.

சீர்திருத்தப் பள்ளிக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் என்ன வித்தியாசம்?
*(பெயர் வேண்டாம், செங்கல்பட்டு)*

சட்டப்படி நிறைய. உள்ளே இருக்கும் பையனைக் கேட்டால், போர்டு.

தொட்டில் குழந்தைத் திட்டம் சரியா, தப்பா?
*(செவிலியர், சேலம்)*

1992-இல் உங்கள் ஊரில்தானே ஆரம்பித்தார் ஜெயலலிதா! பெண் சிசுவைத் தொட்டிலில் போட்டுக் கைவிட அரசே வழிகாட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் என் ஓட்டு தொட்டிலுக்கு. கள்ளிப்பாலுக்கு மேல்முறையீடு கிடையாது.

ஊருக்கே உபதேசிக்கும் அமெரிக்கா, ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்கவில்லையாமே?
*(நாளிதழ் வாசகர், கோவை)*

1989-இல் வந்த உடன்படிக்கை. நாம் 1992-இல் ஏற்றோம். அவர்கள் 1995-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி. நிச்சயதார்த்தம் ஆயிற்று, முகூர்த்தம்தான் அமையவில்லை.

உங்களை யாராவது தத்தெடுத்தார்களா?
*(குறும்பன், நாகர்கோவில்)*

இந்தப் பத்திரிகை. திருப்பிக் கொடுக்க ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள். ‘நமக்கேன் வம்பு’ என்கிறார் என் கணவர்.
*(இல்லத்தரசி, திண்டுக்கல்)*

குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. 1996-இல் சமூகப் பணியாளர் ஜெரூ பில்லிமோரியா பம்பாயில் தெருப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசை, குழந்தைக்கும் மறக்காது. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கணவர் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், பாவம், வம்புக்குப் போகாதவர்.