திறப்பு வைத்திருக்கும் தலைவர்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலையம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நிலையம் இருந்தால் தலைவரும் இருப்பார். சுவரின் வர்ணம் மாறும், பிரதேச சபையில் தவிசாளர் மாறுவார், இவர் மாறமாட்டார். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும், "இந்தமுறையாவது என்னை விடுங்கோ, இளம் பெடியள் ஆரும் வாங்கோ" என்று தொண்டை தழுதழுக்கக் கேட்பார். கேட்கும்போது மண்டபத்தின் திறப்புக் கோர்வை அவருடைய சேட்டுப் பைக்குள் கிடந்து கிலுங்கும். சபை வாய் திறவாது. பிறகென்ன, ஏகமனதான தெரிவுதான்.

வாசிகசாலையாகத் தொடங்கிய ஓட்டுக் கட்டடம் கனடாக் காசு வந்ததும் மேல்மாடி எடுக்கிறது. உபகரித்தோர் பெயர் வெட்டிய கருங்கல் முதலில் சுவரில் ஏறும். வரைபடம் பிரதேச சபைக்குப் போவதென்றால் அதற்குப் பிறகுதான். பத்திரிகை மேசை படிக்கட்டுக்குக் கீழே ஒதுங்க, மேலே கலியாணமும் சாமத்தியவீடும் நடக்கின்றன. ஜெனரேற்றர் இரைச்சல், ஒழுங்கையை அடைத்த வாகனங்கள், மதிலுக்குள் வந்து விழும் லஞ்ச் சீற் என்று பக்கத்து வீட்டார் பெட்டிசம் எழுத, சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்து இறங்குவார். நாடாவைக் கண்டால் தலைவருக்கு உள்ளூரச் சந்தோசம். "வடிவா அளவுங்கோ தம்பி. தண்ணி, தேத்தண்ணி என்ன குடிக்கிறியள்?" சுவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்பதைப் பற்றி ஒரு வருடம் கடிதம் எழுதலாம். மண்டபத்தை ஆர் எடுக்கினம், என்ன வாடகை, காசு எங்கே போகுது என்பவற்றை அளக்க அந்த நாடா நீளாது.

சட்டத்திலோ பாவனையைக் கேட்கவும் இடம் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அது செல்லுபடியாகும் பகுதிகளில், கட்டுவதை மட்டுமல்ல, கட்டடத்தின் பாவனையை மாற்றுவதையும் அனுமதி வேண்டிய காரியமாகவே கொள்கிறது. மீறினால் முதலில் அறிவித்தல், பிறகு நீதவான் நீதிமன்றம். ஆகவே உத்தியோகத்தர் முதலில் கேட்கவேண்டியது மண்டபப் பதிவுக் கொப்பியை. எங்களுக்கோ கட்டடம் என்றால் கல்லும் பெயர்ப்பலகையும்தான். யாழ்ப்பாண நகரில் இந்திய நன்கொடையில் எழுந்த கலாசார மையத்துக்கு 2015இல் மோடி அடிக்கல் வைத்தார். 2022இல் இணையவழியாக ஒருமுறை, 2023 பெப்ரவரியில் நேரடியாக இன்னொருமுறை என்று அது இரண்டுதரம் திறந்துவைக்கப்பட்டது. மாநகர சபை தனியே அதைக் கொண்டுநடத்துமா என்ற கேள்வி இழுபட்டுக்கொண்டே கிடந்தது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டி 'யாழ்ப்பாணம்' விடுபட்டபோதுதான் ஊர் கொதித்தது. விடுபட்ட பெயரும் திரும்பி வந்தது. கொதித்தது நியாயம்தான். அந்தச் சூட்டில் கால்வாசியையாவது, ஊர்க் கூத்துக் குழுவுக்கு அந்த மேடை என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற கேள்விக்கும் செலவழித்திருக்கலாம்.

தலைவர் இல்லாவிட்டால் மண்டபத்தில் ஆடுதான் படுக்கும் என்பார்கள். பொய்யில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகள் கலைந்து 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர் என்று ஒருவரும் இருக்கவில்லை; அந்தக் காலத்திலும் கரண்ட் பில் கட்டியவர், கூரை ஒழுக்கை அடைத்தவர் இவர்தான். அதற்கு மரியாதை செய்யலாம், மாலையும் போடலாம். கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்வது அந்த மரியாதைக்குக் குறைவல்ல. அடுத்த வாதம் இன்னும் கூரானது: "தையிட்டியிலை சனத்தின்ரை காணிக்குள்ளை விகாரை நிக்குது, அதை ஒருத்தரும் அசைக்கேலை. எங்கடை படிக்கட்டு மட்டும் உங்கடை கண்ணிலை குத்துதோ?" பெரியவருக்கு ஒரு சட்டம், சின்னவருக்கு ஒரு சட்டம் என்ற மனத்தாங்கல் உண்மையானது. ஆனால் தையிட்டியில் காணி இழந்தவர்கள் வெய்யிலில் நின்று கேட்பது, சட்டம் எல்லாருக்கும் பொருந்தவேண்டும் என்று. அவர்களுடைய துயரத்தை இரவல் வாங்கித் தன் படிக்கட்டுக்குக் கூரை போடுவது தலைவருக்கு அழகில்லை.

கடைசியில் அறிவித்தல் வந்தே விடுகிறது. தலைவர் கண்ணாடியைத் துடைத்து, இரண்டுதரம் வாசித்து, கோப்பில் போடுகிறார். இதைப்பற்றி ஊர் கூடிப் பேசியே ஆகவேண்டும் என்கிறார். கூட்டம் ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் என்று முடிவாகிறது. பிறகு கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிவைக்கிறார்: அன்றைக்கு ஒரு கலியாணம், முற்பணமும் வாங்கியாகிவிட்டது.