சித்தர்கள் பக்கம் போகும் ஆட்டோ

திருவண்ணாமலை கிரிவலப் பாதைக்கு ஒரு பழைய சாலை விதி உண்டு. மனிதர்கள் இடது ஓரமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது பக்கத்தைச் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் விட்டுவிட வேண்டும். அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்களாம். போக்குவரத்துக் காவலர் பிறப்பதற்கு முன்பே போட்ட பாகப்பிரிவினை இது. நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் மோட்டார் வந்தது. இடது பக்கம் முழுக்க ஆட்கள். வலது பக்கம் காலியாகக் கிடப்பதுபோல் தெரிந்தது. சித்தர்களும் இதுவரை ஆட்சேபணை மனு எதுவும் கொடுக்கவில்லை.

பௌர்ணமியன்று இந்தத் தகராறு கிடையாது. வண்டிகளைப் பாதைக்குள் விடுவதில்லை. 14 கிலோமீட்டரும் கால்களுக்கே சொந்தம். மனிதனை மனிதன் இடிப்பதோடு சரி. மற்ற நாட்களில் போனால்தான் பாதையின் உண்மையான குணம் தெரியும். பாதையில் உள்ள எட்டு லிங்கங்களில் ஒன்றான எமலிங்கம் இருப்பதே செங்கம் நெடுஞ்சாலை ஓரத்தில். இடம் பார்த்தவர் தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும். எமனாவது எருமையில் வருகிறவர். பின்னால் வரும் பெங்களூர் பேருந்துக்கு அந்த நிதானம் இல்லை. பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரன் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்த இடத்தில் நான் கேட்ட ஹாரன்கள் ஏறக்குறைய ஒரு ராகத்தை ஆலாபனை செய்து முடித்துவிடும்.

நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல மெதுவாகக் கிரிவலம் வர வேண்டும் என்பது மரபு. ரமணரும் அதை எடுத்துச் சொன்னதுண்டு. அவர் இந்த ஊருக்கு வந்தது 1896இல். அப்போது ராணியின் முதுகுக்குப் பின்னால் யாரும் 'பாம்' என்று அடித்திருக்க மாட்டார்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்கச் சொல்கிறது சாலைப் பாதுகாப்புப் பாடம். சாத்திரமோ இடது ஓரம் என்கிறது. பாடத்தைக் கேட்டால் சித்தர்களை இடிக்க வேண்டும். சாத்திரத்தைக் கேட்டால் ஸ்கூட்டர் நம்மை இடிக்கும். நடைபாதை போட்டிருக்கிறார்களே என்பீர்கள். போட்டிருக்கிறார்கள். அதில் இளநீர்க் கடை, ஸ்டாண்டு போட்ட பைக், மதியத் தூக்கத்தில் ஒரு சாமியார். சாமியாரை எழுப்பும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

என் சித்தப்பா மோட்டார் கட்சி. முழங்கால் வலி என்று ஆட்டோவில்தான் கிரிவலம். எட்டு லிங்கத்திலும் இறங்கி விபூதி பூசிக்கொண்டு, நான் பாதி தூரம் போவதற்குள் முழுச் சுற்றையும் முடித்துவிட்டு, புண்ணியத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை என்று சாதிப்பார்.

"ஏண்டா, அண்ணாமலையாரே வருஷத்துக்கு ரெண்டு தடவை கிரிவலம் வர்றார். நடந்தா வர்றார்? தூக்கிக்கிட்டுத்தானே போறாங்க?"

"தூக்கறவங்க ஹாரன் அடிக்கறதில்லையே சித்தப்பா."

"பின்னே நாதஸ்வரம் எதுக்கு வாசிக்கறாங்க?"

சைவ சித்தாந்தம் படித்தவர்களிடம் இதற்குப் பதில் இருக்கலாம். நான் செருப்பில்லாத காலோடு சரளைக்கல்லைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.

நடப்பவர்கள் எல்லாம் சாதுக்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு குடும்பம் கைகோத்துக்கொண்டு சாலையை அளந்தபடி வரும். அதன் தலைவர் மலைக்கு ஒரு கும்பிடு போட நடுச்சாலையில் சட்டென்று நிற்பார். அவர் பையிலிருக்கும் கைபேசி 'நமசிவாய' என்று ஒலிக்கும் சத்தத்தில் லாரி வருவது கேட்காது. மோட்டார்க்காரர்களின் இரைச்சலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் குறைப்பட்டவர்கள் இவர்களேதான். இப்போது மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது. சத்தமே இல்லாமல் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. "ஒரு ஹாரன் அடிச்சா என்னய்யா?" என்று சண்டைக்குப் போகிறார்கள். மாடுகள் மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. நடுக்கோட்டில் படுத்துவிடுகின்றன; இரு தரப்பும் பணிவாகச் சுற்றிப்போகிறது. நந்தியின் உறவினர்களிடம் யார் வம்புக்குப் போவது?

குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார் கோயில். பின்பக்க வாசலில் ஒருக்களித்து நுழைந்து, முழங்கையால் ஊர்ந்து முன்பக்கமாக வெளியே வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஆட்டோவில் வந்தவர், புல்லட்டில் வந்தவர், நடந்து வந்தவர் எல்லாருக்கும் ஒரே வரிசை. புல்லட்காரர் ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் வயிறு நடுவழியில் யோசித்தது. வெளியே நின்ற நடைக்காரர்கள் "மூச்சை விடுங்க சார், அப்படியே சாஞ்சு வாங்க" என்று வழி சொல்லி வெளியே எடுத்தார்கள். அடுத்து, இன்னொரு சுற்று வந்திருந்த சித்தப்பா, முழங்கால் வலியையெல்லாம் மறந்து, பல்லியைப் போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டார். உற்சாகத்தில் ஆட்டோக்காரரையும் கூப்பிட்டார். அவர் குனிந்து அந்தப் பொந்தை ஒருமுறை நோட்டம் விட்டார்.

"வேணாம் சார். உள்ள போனா ரிவர்ஸ் எடுக்க முடியாது."