மேப்பு போடு அம்மிணி, பேரு மட்டும் போட்றாத!

வா அம்மிணி, உக்காரு. பஞ்சாயத்து மெம்பரான பொறவு திண்ணையில உக்காந்தா மரியாதை கொறைஞ்சு போகும்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. அதெல்லாம் நம்பாத. மழைத்தண்ணி தேங்குற எடத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல மேப்பா வரையப் போறீங்களாமே? நல்ல காரியம். நானும் இந்தப் பாலக்காட்டு எலப்புள்ளியில நரைச்சவன். ரெண்டு ரோசனை சொல்லாம உன்னை அனுப்பினா எனக்குச் சோறு எறங்காது. நாஞ்சொல்றபடி நடந்தீன்னா அடுத்த எலெக்சன்லயும் நீதான் ஜெயிப்ப. தண்ணி வடியுமானு மட்டும் கேக்காத. அது வேற டிப்பார்ட்மெண்டு.

மொதல்ல, "எலப்புள்ளிக்கு வெள்ளமா?"னு சிரிக்கிறவங்களச் சமாளிக்கோணும். 2025 ஜனவரியில நம்மூரு மதுபான ஆலைக்குக் கேரள மந்திரிசபை முதல்கட்ட அனுமதி குடுத்தப்ப, "குடிக்கவே தண்ணியில்லாத ஊருய்யா"னு கொடி பிடிச்சவங்க நாம. பொய்யில்ல. கெழக்கத்திப் பாலக்காட்டுல பங்குனி, சித்திரை வந்தா கெணறு வாயப் பொளக்கும். அதே ஊர்ல இடவப்பாதி மழை ரெண்டு நாள் வலுத்தா ரோட்டுல முழங்கால் தண்ணி. கோடையில கொடம் தூக்கறோம், கர்க்கிடக மாச மழையில வாளியில எறைக்கறோம். ஆக மொத்தம் கை சும்மா இருக்கறதில்ல.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குது, கேட்டுக்க. ஆத்து வெள்ளம்னா அதுக்கு ஒரு கௌரவம் உண்டு. 2009-ல மூலத்தறை ரெகுலேட்டர் ஒடஞ்சுது, பேப்பர்ல வந்துது. 2018 ஆகஸ்டுல மலம்புழா அணை ஷட்டரத் தூக்குனாங்க, கல்பாத்திப் புழையோரம் வீட்டுக்குள்ள தண்ணி போச்சு, டிவியில வந்துது. மந்திரி வந்தாரு, கலெக்டர் வந்தாரு. நம்ம தண்ணிக்கு அந்தக் குடுப்பினை இல்ல. வயல்ல பேஞ்சு, வாரியில எறங்கி, தோடுங்கற ஓடையில சேந்து, குளத்த நெரப்பி, மிச்சம் கோரையாத்துல விழுந்து, கல்பாத்திப் புழை, பாரதப்புழைனு பொன்னானிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணி அது. அந்த ஆத்துக்கே போய்ச் சேர முடியாம அங்கன்வாடி வாசல்ல நிக்குது. இதுக்கு மந்திரி வரமாட்டாரு. மெம்பரத்தான் கூப்புடுவாங்க. அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு.

சரி, ரோசனைக்கு வாறேன்.

மொத ரோசனை: கால்ல சேறு படாம மேப்பு போடு. ஏசி ரூம்ல உக்காந்து ஆகாசத்துல எடுத்த ஒசரக் கணக்க எறக்கிக்க. எம் பேரன் காட்டினான். 2000-த்துல அமெரிக்காக்காரன் விண்கலத்துல இருந்து பூமிய அளந்து வெச்சிருக்கானாம். அத ஓசியிலயே எறக்கலாமாம். முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரே ஒசரம். நம்ம வரப்பு ஒரு மொழம் அகலம், தோடு ஆறடி. ரெண்டும் அந்தக் கட்டத்துக்குள்ள காணாமப் போயிரும். தென்னந்தோப்பு இருந்தா தோப்புத் தலையையே தரைன்னு எடுத்துக்கும். ஆனா கலர் என்னமோ நல்லா வரும், அது போதும்.

இன்னொரு வசதியும் இருக்குது. அந்தக் கணக்குக்கு ரோடு, ரயில்மேடு எல்லாம் அணைக்கட்டு மாதிரித்தான் தெரியும். ரோட்டுக்கு அடியில ஓவு இருக்குது, அது வழியாத் தண்ணி தாண்டிப் போகும்னு அதுக்கு எப்படித் தெரியும்? நடந்து போய், குனிஞ்சு பாத்து, ஓவு எங்க இருக்குது, வாய் எத்தினி அகலம், எந்தப் பக்கம் சாய்வுனு யாராச்சும் எழுதிக் குடுத்தாத்தான் மேப்புல தண்ணி சரியாப் போகும். நீ குனியாத. புதுச் சேலை.

நானும் ஒரு ஓவப் பாத்தேன். எங்கேன்னு சொல்ல மாட்டேன்; நீயே கண்டுபிடிச்சுக்குவ. ஆறடித் தோடு சலசலன்னு வருது. வந்த எடத்துல ஒரு பெரிய மனுசன் காம்பவுண்டுச் சொவரு. சொவத்துக்கு அடியில தண்ணி போகணும்னு தரும சிந்தனையோட ஒரு பிவிசி பைப்பு வெச்சிருக்காரு. அரையடி. அது வாயில ஒரு ரப்பர் செருப்பு, ரெண்டு தேங்கா மட்டை, ஒரு பால் பாக்கெட்டு. தண்ணி வந்து பைப்ப மோந்து பாத்துட்டு ஒரு சுத்து சுத்தித் திரும்பிருச்சு. திரும்பின தண்ணி எங்க போச்சுங்கறே? தாழ இருக்கற கூலிக்காரங்க வீட்டுக்கு. விண்கலத்துல இருந்து பாத்தா அந்தச் செருப்பு தெரியாது, அம்மிணி. அதனாலதான் சொல்றேன், விண்கலமே சௌரியம்.

ரெண்டாவது ரோசனை: அளக்கறத மாசி, பங்குனியில வெச்சுக்க. மார்ச்சு 31-க்குள்ள பில்லு பாஸாகோணும்ல? வெயில் காலத்துல தோட்டுல தண்ணி இருக்காது, தடுமாட்டம் இல்ல. எங்க தேங்குதுனு யாரும் காட்டவும் முடியாது. இடவப்பாதி மழையில போனைப் புடிச்சிக்கிட்டு நடந்தா எல்லாமே தெரிஞ்சு போகும். எதுக்கு வம்பு?

மூணாவது ரோசனை: வரைஞ்ச மேப்ப ஆருக்கும் காட்டாத. பிடிஎஃப் ஆக்கி, பாஸ்வேர்டு போட்டு, செக்ரட்டரி பீரோவுல வெச்சிரு. காட்டினா என்ன ஆகும்னு மெட்ராஸ்காரங்களக் கேளு. 2015 மழையில, எந்தத் தெருவுல தண்ணி நிக்குதுனு அரசாங்கம் சொல்றதுக்குள்ள, சனங்களே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புங்கற பொது மேப்புல தெருவத் தொட்டுத் தொட்டுக் குறிச்சாங்க. மூழ்கின தெருவெல்லாம் மேப்புல எல்லாருக்கும் தெரிஞ்சுது. வீட்டுல உக்காந்திருந்த பசங்க சர்க்கார விட முன்னாடி போயிட்டாங்க. நம்ம கேரளத்துலயும் அந்தக் கெட்ட பழக்கம் வந்துருச்சு. 2018 வெள்ளத்துக்குப் பொறவு ஐடி மிஷன் மேப்பத்தான்னு ஒண்ணு நடத்தி, காலேசுப் பசங்க, தன்னார்வலர்னு கூட்டி ரோடு, தோடு, கட்டடம்னு அதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல ஏத்தச் சொன்னாங்க. ஹரித கேரளம் மிஷன் 'இனி ஞான் ஒழுகட்டே'னு பேரு வெச்சு, அடைஞ்சு கெடந்த நீர்ச்சாலுகளைத் தேடித் தூர்வார வெச்சுது. மேற்குத் தொடர்ச்சி மலையோரப் பஞ்சாயத்துல சின்னச்சின்ன நீரோடையக்கூட மேப்புல கொண்டுவந்தாங்க. ஓடையே "நான் இனி ஓடட்டுமா?"னு பர்மிசன் கேக்கற காலம் பாத்துக்க.

'நம்மள் நமுக்காயி'னு இன்னொரு இயக்கம். 941 கிராம பஞ்சாயத்துக்கும் பேரிடர்த் திட்டம் எழுதச் சொல்லி, எந்த வார்டுல எந்த வீடு தாழ, எங்க கெழவன் கெழவி படுத்த படுக்கை, எந்தப் பள்ளிக்கூடம் மேடு, எல்லாத்தையும் கணக்கெடுக்கச் சொன்னாங்க. அந்தப் புஸ்தகம் பஞ்சாயத்தாபீசுல இருக்கோணும். தேடிப் பாரு. கெடச்சா தூசி தட்டாத, தும்மல் வரும்.

நாலாவது ரோசனைதான் உசுரு. டேட்டா பேங்குனு ஒண்ணு இருக்குதே, அதை இந்த மேப்புக்குப் பக்கத்துலயே கொண்டு வராத. 2008-ல நெல்வயல், ஈரநெலம் காக்கற சட்டம் வந்துது. ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் எது வயலு, எது ஈரநெலம்னு டேட்டா பேங்கு போடச் சொன்னாங்க. பிரசிடெண்டு, கிருஷி ஆபீசர், வில்லேஜ் ஆபீசர், வெவசாயினு அதுக்கு ஒரு கமிட்டி. சாட்டிலைட்டு படமும் வெச்சாங்க. அதுக்குப் பொறவுதான் நம்மாளுங்க சாமர்த்தியம் வெளிய வந்துது. "எங்க நெலம் வயலே இல்ல, தவறிப்போய்ச் சேத்துட்டீங்க"னு பாரம் அஞ்சு எழுதி ஆர்டிஓ ஆபீசுக்குக் குடுக்கறது. நெசமாவே தப்பா ஏறின அஞ்சு சென்டுக்காரனும் அதுல உண்டு. அவன் பாவம், ஒரு வீடு கட்டோணும். லோடு லோடா மண்ணு கொட்டி மேடாக்கிட்டு, "பாருங்க சார், மேடு"ங்கறவனும் உண்டு.

நெல்லு வயலு ஒரு கணக்குல பெரிய தொட்டி, அம்மிணி. வரப்பு ஒரு சாண் ஒசரம் தண்ணியப் புடிச்சு வெச்சு, மெதுவாக் கீழ எறக்கிவிடும். அதை மேடாக்குனா அந்தத் தண்ணி ஆவியாவா போகும்? அடுத்த தாழ்ந்த வீட்டுக்குப் போகும். இப்ப சொல்லு, ஒரே ஸ்கிரீன்ல தண்ணி தேங்குற எடத்தையும், டேட்டா பேங்குல இருந்து கழண்டு போன நெலத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா என்ன தெரியும்? அத்தோட 2022 நவம்பர்ல ஆரம்பிச்ச டிஜிட்டல் ரீசர்வேயும் இருக்குது. ரோவர் குச்சிய நட்டு சென்டிமீட்டர் கணக்குல அளக்கறாங்க. புறம்போக்குத் தோடு எங்க ஆரம்பிச்சு ஆரு சொவத்துல முடியுதுனு அதுல வந்துரும். மூணையும் அடுக்கினா மேப்பு பேச ஆரம்பிச்சிரும். பேசற மேப்பு மெம்பருக்கு ஆகாது.

அஞ்சாவது, கடைசி ரோசனை: பேரு போட்றாத. தண்ணி நிக்கற எடத்துக்கு நீலம் அடி, மேட்டுக்குப் பச்சை அடி, அங்கன்வாடிக்குப் பூப்படம் போடு. "இந்த ஓவு ஆருது, தூர்வார வேண்டியது பொதுமராமத்தா, நீர்ப்பாசனமா, பஞ்சாயத்தா, தோட்டத்துக்காரனா?"ங்கற பத்தி மட்டும் காலியா இருக்கட்டும். இங்கிலாந்துக்காரன் இந்தப் பத்தியிலதான் மாட்டிக்கிட்டான். 2007 வெள்ளத்துல அவுங்க ஊர்லயும் தண்ணி ஆத்துல இருந்து வந்தத விட, பேஞ்ச எடத்துல தேங்கிப் புகுந்ததுதான் அதிகம். ஹல்லுன்னு ஒரு பட்டணமே அப்படித்தான் நனைஞ்சுது. விசாரிச்சா, எந்தச் சாக்கடை ஆருதுனு பல எடத்துல ஆருக்கும் சரியாத் தெரியல. 2010-ல சட்டம் போட்டாங்க. உள்ளூர்க் கவுன்சில்காரன், வெள்ளத்தப் பெருசாப் பாதிக்கற ஓடை, ஓவு, சொவருக்கெல்லாம் பதிவேடு வெக்கோணும். அது ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரன் ஆரு, என்ன கெதியில இருக்குதுனு எழுதோணும். சனங்க வந்து கேட்டாப் பதிவேட்டக் காட்டோணும். வெள்ளம் வந்தா, தேவைப்படற எடத்துல, ஆரு பொறுப்பு, அவுங்க ஏதாச்சும் செஞ்சாங்களானு விசாரிச்சு வெளியிடோணும். 2013-ல நாடு முழுக்க மழைத்தண்ணி தேங்குற மேப்பையும் பொதுவுல வெச்சாங்க. இத்தினி வெளிச்சம் நமக்கு எதுக்கு? கண்ணு கூசும்.

என்ன சிரிக்கற? கெழவன் வெளையாடறான்னு தெரிஞ்சு போச்சா? சரி, அப்ப நெசத்தையும் கேட்டுட்டுப் போ.

மேப்பு தப்பில்ல. வாயால "இங்க தண்ணி நிக்கும், அங்க அடைப்பு"னு நாங்க பல காலமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறோம். கேட்டவன் மாறிப் போயிருவான், சொன்னவன் செத்துப் போயிருவான். மேப்பு சாகாது. அடுத்த மெம்பரு, அடுத்த ஓவர்சீயரு வந்தாலும் கெடக்கும். ஆனா அதுக்கு உள்ள போற வெவரம் உள்ளூர்க்காரன் கண்ணுல இருந்து போகோணும். அதுக்கு ஆளத் தேடி அலையாத. வீடு வீடாப் பிளாஸ்டிக் வாங்கப் போற ஹரிதகர்ம சேனைப் பொம்பளைங்களுக்கு எந்த வாசல்ல மழைக்குச் செங்கல்லு வெச்சு ஏறோணும்னு தெரியும். தோடு வெட்டற வேலை உறுதித் திட்டத்துக்காரங்களுக்கு எந்த ஓவுல மண்வெட்டி மோதும்னு தெரியும். அவுங்க கையில போனைக் குடு. மழை பேயறப்பவே போட்டா எடுத்து, எடத்தையும் நேரத்தையும் குறிச்சு அனுப்பச் சொல்லு. அதுக்கும் சேத்துக் கூலி குடு; ஓசியில வேலை வாங்கிட்டு மாலை போட்டுக்காத. ஓவு வாய் எத்தினி அங்குலம்னு டேப்பு வெச்சு அள. எழுதற வெவரம் தமிழ்லயும் மலையாளத்துலயும் இருக்கட்டும், ரேசன் கடைச் சொவத்துல ஒட்டு. டேட்டா பேங்கையும் ரீசர்வேயையும் பக்கத்துலயே வை.

வடிச்சு ஓட்டிர்றது மட்டும் வேலைன்னும் நெனச்சுக்காத. கர்க்கிடகத்துல நம்மள வெரட்டற தண்ணியத்தான் சித்திரையில நாம தேடி அலையறோம். அதனால மேப்புல தண்ணி எங்க நிக்கக் கூடாதுங்கறத மட்டுமில்ல, எங்க நிக்கோணும்ங்கறதையும் போடு: குளம், வயலு, தூந்து போன கெணறு.

அப்புறம் அந்தக் காலிப் பத்தி. அதுல பேரு எழுது. ஆபீசு பேரானாலும் சரி, ஆளு பேரானாலும் சரி. எம் பங்காளி பேரா இருந்தாலும் சரி. நோட்டீசு முறையாக் குடு, பதில் சொல்ல நாள் குடு, பொறவு கிராமசபையில எழுந்து சத்தமா வாசி. பேரு போட்டா நாலு ஓட்டுப் போகும். போடலைன்னா நாப்பது வீட்டுல தண்ணி போகும். எது கணக்குனு நீயே பாத்துக்க, மெம்பர் அம்மிணி.