மலையேறும் மாம்பலத்தார்

சித்திரை பிறந்து, சென்னையின் தார்ச்சாலைகள் நடப்பவருடைய செருப்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும், அந்நகரவாசிகளில் ஒருவகையினருக்கு மலைகளின்மீது திடீரென்று ஒரு பக்தி பிறந்துவிடுகிறது. இவர் மாம்பலத்தில்தான் குடியிருக்கவேண்டும் என்ற நியதி ஒன்றுமில்லை. அடையாற்றிலும் அண்ணாநகரிலும் இவரைத் தாராளமாகக் காணலாம். ஆயினும், சித்திரம் எழுதப் புகுந்தவனுக்கு ஒரு பெயர் அவசியமாகையால் மாம்பலத்தார் என்றே அழைக்கிறேன்; மாம்பலத்து அன்பர்கள் க்ஷமிக்கவேண்டும்.

இவருடைய வம்சாவளி சாமானியமானதன்று. வெள்ளைக்காரர் ஆண்ட நாளில், சென்னை ராஜதானியின் கவர்னர் கோடைதோறும் கோப்புகளும் குமாஸ்தாக்களும் சகிதமாக உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே கணப்பின் அருகில் சௌகரியமாக அமர்ந்துகொண்டு, கீழே வெயிலில் வேகிற ஜனங்களைப் பரிபாலனம் செய்துவந்தார். கவர்னர் கப்பலேறிப் போய்விட்டார். அவருடைய பழக்கம் மட்டும் மாம்பலத்தாரிடம் தங்கிவிட்டது. கவர்னருக்கு மாதக்கணக்கில் வாசம், இவருக்கு வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரையில் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆனால் ஊட்டி என்று சொல்லிவிடாதீர்கள், முகத்தைச் சுளிப்பார். “ஊட்டிக்கா? அங்கே மனுஷன் போவானா? ஒரே கூட்டம் ஐயா!” என்பார். கூட்டமென்று இவர் குறிப்பிடுவது மற்ற மாம்பலத்தார்களை. ஆகையால், யாரும் போகாத மலையூர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்: கோத்தகிரி, மஞ்சூர், வால்பாறை, கொல்லிமலை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நட்டிருந்தும் அதை நம்பாமல், தாமே வாய்விட்டு எண்ணிக்கொண்டு வருவார். பாதி மலைக்குமேல் எண்ணிக்கை கேட்பதில்லை. அந்தச் சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்.

நீலகிரிக்குப் போவதானால் மலை ரயில்தான் என்பதில் உறுதியாயிருப்பார். நீலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டவுடன், பிளாட்பாரத்தில் வெற்றிலை விற்கிறவன் பனியனோடு விசிறிக்கொண்டிருக்க, இவர் குரங்குக் குல்லாயும் மப்ளரும் தரித்துக்கொண்டு குளிரை எதிர்பார்த்து நிற்பார். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய அந்த வண்டி, கல்லாற்றுக்கு மேலே தண்டவாளத்தின் நடுவே பதித்த பல்வரிசையைத் தன் பற்சக்கரத்தால் கவ்விக்கவ்வி ஏறுவது. 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்வது. யுனெஸ்கோ சபையார் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக 2005-ல் அங்கீகரித்ததை, எதிரிலிருப்பவர் கேளாமலே எடுத்துச்சொல்லிப் பெருமைப்படுவார், கல்லாறு தாண்டிப் பத்து நிமிஷத்துக்கெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கையில், “இன்னும் கொஞ்சம் ஸ்பீடா விட்டால் என்னவாம்?” என்று ரயில்வேக்காரரைக் கேட்பார். எஞ்சின் முன்னால் இராமல் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவது இவருக்கு மிகுந்த விசாரத்தைத் தரும். “முன்னால இருந்து, நடுவழியில பெட்டி கழண்டுச்சுன்னா யாருங்க சார் பிடிக்கிறது?” என்று அந்த ரயில்வேக்காரர் நிதானமாகச் சொல்வதைக் கேட்டபின் குன்னூர் வருமட்டும் மாம்பலத்தார் வாய் திறவார். பிரயாணத்தில் உடன்வருகிறவர்களுக்குக் கிடைக்கும் அமைதி அந்தச் சிறிதுநேரந்தான்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போய்ச் சேர்ந்ததும் சிரமபரிகாரமாக டீக்கடையில் உட்காருவார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. இவருக்கு வேண்டியதோ டிகாஷன் காபி.

“இங்கே டீதானுங்க சார் நல்லாருக்கும். இந்தத் தோட்டத்துத் தூளுங்க.”

“அது இருக்கட்டும் தம்பி. காபிப்பொடி புதுசா அரைச்சதா?”

காபி வரும், பருகிவிட்டு, மாம்பலத்துக் காபியைப்போல் இல்லையென்று தீர்ப்பளிப்பார். இட்டிலி வரும், அதற்கும் அதே தீர்ப்பு. மாம்பலத்திலிருந்து தப்பிக்கவேண்டுமென்று இராத்திரி முழுவதும் கண்விழித்துப் பிரயாணம் செய்த இந்த மனிதர், ஆறாயிரம் அடி உயரத்திலும் மாம்பலத்தையே சல்லடை போட்டுத் தேடுவது எனக்கு எப்போதும் விளங்காத விஷயம்.

ஊர்க்காரர்களுக்கு ஊரை விளக்கிச்சொல்வதில் இவருக்கு நிகர் கிடையாது. வெள்ளை வேட்டியும் வெள்ளைப் போர்வையுமாய், பசுந்தேயிலை விலை இறங்கிவிட்ட கவலையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு படகர் இனத்துப் பெரியவரிடம் வலியச் சென்று, “இந்த மலையை 1819-ல் கண்டுபிடிச்சது யார் தெரியுமோ? கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன்!” என்று ஆரம்பித்து, அத்துரை கன்னேரிமுக்கில் பங்களா கட்டியது வரையில் பிரசங்கம் செய்வார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படீங்களா? அந்தத் துரை வந்தப்போ எங்க தாத்தாவோட தாத்தா இங்கதானுங்களே விவசாயம் பண்ணிட்டிருந்தாரு! அவரை யாருங்க கண்டுபிடிச்சாங்க?” என்பார். பஸ் வந்துவிடுவதால் மாம்பலத்தார் பதில் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுவதில்லை.

தேயிலை பறிக்கும் பெண்களைக் கண்டால் மனம் உருகிப்போவார். “கொடுத்துவைத்தவர்கள்! இந்தக் காற்று, இந்தப் பசுமை! நாமும் இருக்கிறோமே புகையிலே!” என்று பெருமூச்சு விடுவார். அந்தப் பெண்கள் மழையில் நனைந்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டே இலையைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கூலி வாங்குகிறவர்கள் என்பது, காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராயிருந்த பி. எச். டேனியல், அத்தொழிலாளர் பட்டபாட்டை ஒரு நாவலாகவே எழுதி, அது ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழிலும் வந்திருக்கிறது. மாம்பலத்தார் அதைப் படிப்பதில்லை. படித்தால் லீவு கெட்டுப்போகும்.

வனவிலங்குகளைப் பார்க்கவேண்டுமென்பது இவருடைய நெடுநாள் ஆசை. கோத்தகிரியில் இந்த ஆசை நிறைவேறுவதில் கஷ்டமே இல்லை. காட்டெருமை கடைத்தெருவுக்கே வரும். சில இரவுகளில் கரடியும் வரும். விடியற்காலையில் நல்ல காற்று வாங்கப் புறப்பட்ட மாம்பலத்தார், திருப்பத்தில் ஒரு காட்டெருமையை நேருக்குநேர் தரிசித்து, ஒற்றைச் செருப்போடு விடுதிக்குத் திரும்பித் தாழிட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் கண்டேன். பால் வாங்கப்போன ஓர் அம்மாள், “சார், ஓரமா நில்லுங்க, அது பாட்டுக்குப் போயிடும்” என்று பின்னாலிருந்து சொன்னது அவர் காதில் விழவில்லை. அது அதன் பாட்டுக்குப் போயும் விட்டது. அன்று மாலை மாம்பலத்துக்குப் போன தொலைபேசிச் சம்பாஷணையில் எருமை ஒன்று மூன்றாகப் பெருகி, அவர் அவற்றை நின்று நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தினத்தில் ஞானோதயம் உண்டாகிறது. “இங்கேயே பத்து சென்ட் வாங்கிப்போட்டு, ரிடையர் ஆனதும் வந்துவிடவேண்டியதுதான்!” என்று அறிவித்து, டாக்ஸிக்காரர், விடுதிச் சமையற்காரர் முதலிய அனைவரையும் சென்ட் விலை விசாரிப்பார். எனக்குத் தெரிந்த மாம்பலத்தார்களில் ரிடையரானவர் பலர். அத்தனைபேரும் மாம்பலத்திலேயே இருக்கிறார்கள்.

திரும்பும்போது வாங்குகிற சாமான்களைப் பற்றி விஸ்தரிக்கத் தேவையில்லை. தைலம் உண்டு; காபி குடிக்கிற குடும்பத்துக்கு இரண்டு கிலோ தேயிலைத்தூள் உண்டு; சென்ட்ரலைத் தொடுமுன் பொடியாகிப்போகும் வர்க்கி உண்டு. மலைக் காரட் மலிவென்று ஐந்து கிலோ மூட்டை கட்டிக்கொள்வார். அதே காரட் மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம்போய், லாரியேறி, இவருக்கு முன்பே கோயம்பேட்டில் இறங்கியிருக்கும்.

இவரால் மலையூர்களுக்கு லாபமே இல்லையென்று சொன்னால் அநியாயம். டாக்ஸியும் டீக்கடையும் விடுதியும் இவர் பணத்தில்தான் பாதி வருஷம் ஓடுகின்றன. அதனால்தான் அங்கே எல்லோரும் இவருடைய வியாக்கியானங்களை முகங்கோணாமல் கேட்டுக்கொள்கிறார்கள். வாசகர்களில் எவரேனும் இந்தக் கோடையில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ காரில் புறப்படுவதாயிருந்தால், 2024-லிருந்து இ-பாஸ் எடுக்கவேண்டியிருக்கிறது என்பதையும், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்குத் தடை உண்டு என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்கவேண்டும். டீக்கடையில் டீயே கேளுங்கள்.