சென்னை நேரம், போடி நேரம்: ஓர் ஒப்பாய்வு

இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்பது அரசின் நிலைப்பாடு. சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரவில் போன் போட்டுப் பார்த்தவர்கள் இதை ஒப்புவதில்லை.

முதலில் வானியல். போடி, சென்னைக்கு ஏறத்தாழ மூன்று பாகை மேற்கே கிடக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், சென்னையில் உச்சிக்கு வந்த சூரியன் சுமார் 12 நிமிடம் கழித்தே போடியில் உச்சிக்கு வரும். பழங்கணக்கில் அரை நாழிகை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடத்தை வைத்துக் கணித்த மதராஸ் நேரத்துக்கு ஒரு காலத்தில் நாட்டின் ரயில்களே கட்டுப்பட்டு ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைக் கோடு நாட்டின் பொது மணியைச் சொல்லத் தொடங்கியது.

இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் ராகுவிடம் சொன்னதாகத் தெரியவில்லை. புதன்கிழமை ராகு காலம் 12 முதல் 1.30 வரை, சூரியன் உச்சியைத் தொட்டதும் தொடங்க வேண்டியது. போடியில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், 12.20ஐ ஒட்டி. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரோ இரண்டு ஊருக்கும் ஒரே மணியை அச்சடிக்கிறது. ஆகவே 1.30 தாண்டியதும் நிம்மதியாகக் கல்லாவில் உட்காரும் போடி வியாபாரி, கறாராகப் பார்த்தால், ராகுவின் கடைசி இருபது நிமிடத்தில்தான் போணி செய்கிறார். ஏலக்காய் வியாபாரம் அப்படியும் நடக்கிறது.

காலையில் இழந்த 12 நிமிடம் மாலையில் திரும்பக் கிடைக்க வேண்டுமே என்று கேட்கலாம். கிடைக்காது. மேற்கே மலை நிற்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே சூரியன் போடிமெட்டுப் பக்கம் இறங்கிவிடும்.

இனி கள ஆய்வு. இரவு ஒன்பதே முக்காலுக்குச் சென்னை மகன் அம்மாவை அழைக்கிறான்.

"என்னய்யா இந்நேரத்துல? யாருக்கும் ஒண்ணுமில்லயே?"

"சும்மாதாம்மா. இனிமேதான் சாப்பிடணும்."

"இனிமேதானா? நாங்க சாப்பிட்டு ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சாச்சு."

போடியில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு, சென்னையில் பத்துக்கு. இந்த இரண்டரை மணி நேரத்துக்கு அரை நாழிகை எந்த மூலைக்கு? போடி சென்னையைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கிறது என்றால், அது மணிலாவில் இருக்க வேண்டும்.

ஆனால் பகல் வேறு சாட்சி சொல்கிறது. "பத்து மணிக்கு டாண்ணு வந்துருவேண்ணே" என்ற எலக்ட்ரீஷியன் பதினொன்றரைக்கு வருகிறார். தாமதமாகிவிட்டது என்ற எண்ணமே அவர் முகத்தில் இல்லை. இருக்கவும் தேவையில்லை. ஒன்றரை மணி நேரம் பிந்தியது துபாய் நேரம், துபாயில் அப்போது சரியாக மணி பத்து. பகலில் துபாயிலும் இரவில் மணிலாவிலும் இருக்கும் ஊர் இது ஒன்றுதான் என்று துணிந்து கூறலாம்.

சென்னையை எந்த நேர மண்டலத்தில் வைப்பது என்பதுதான் சிக்கல். "சிக்னல்ல நிக்கிறேன், அஞ்சு நிமிஷம்" என்று வேளச்சேரி வீட்டில் வாயில் டூத் பிரஷ்ஷோடு சொல்லப்படுவதற்குத் தீர்க்கரேகை ஏது? போடிக்காரர் நேரத்தில்தான் பிசகுவார். எங்கே இருக்கிறார் என்பதில் பிசக முடியாது. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பது தெருவுக்கே தெரியும். சென்னையில் அப்படிப் பார்க்க யாருமில்லை. எனவே அங்கே நேரத்தோடு இடமும் பொய்யாகிறது. இதைத் திருத்த அலைபேசியில் லொக்கேஷன் வந்தது. அதை அணைத்து வைக்கவும் வசதி வந்தது.

2023 ஜூனில் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேரடி ரயில் விட்டார்கள். பயணிகள் எந்த இடத்தில் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ரயில்வே இதுவரை அறிவிக்கவில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் பொருத்தமான இடம் என்பது இவ்வாய்வாளரின் பரிந்துரை. பகலில் வந்து சேர்பவர்கள் துபாய்க்கு வைத்துக்கொண்டால் போதும்.